முதுமையும் நம் மௌனமும்

முதியோரைப் போற்றுவதில் நமக்கு நிகர் நாமே என்று மேடைதோறும் முழங்குகின்றோம்; முழங்குவோரில் நானும் ஒருவன். இலக்கியச் சான்றுகளை அடுக்கிக் கைத்தட்டல் பெற்று இல்லம் திரும்பும்போதெல்லாம், எங்கள் தெருப் பள்ளிவாசல் திண்ணையில் ஒரு பெரியவரைப் பல்லாண்டுகள் கண்டிருக்கிறேன். சுபுஹுத் தொழுகைக்கு வருபவர் இஷா முடிந்த பின்னரே வீடு திரும்புவார். எத்துணைப் பேணுதலான மனிதர் என வியந்தோம். வகுப்பில் அவரை எடுத்துக்காட்டாகவும் கூறியுள்ளேன். அவர் மறைந்த பின்னர்தான் மோதினார் வாய் திறந்தார்: "சார், அவருக்குப் பகல் சோறு என் வீட்டிலிருந்துதான் வரும். பகலில் வீட்டுப் பக்கம் வரக்கூடாதுன்னு மகன் சொல்லிட்டாரு." அந்த வீடோ, அவரே வாய்மொழியாக மகனுக்கு ஹிபாவாகக் கொடுத்த வீடு!

போக்கிடமின்மையை நாங்கள் பக்தி என்று படித்துவிட்டோம். சொல்லுக்குப் பொருள் கூறிப் பிழைக்கும் எனக்கு இது பெரும் வெட்கம்.

முதியோர் கொடுமை என்றவுடன் அடியும் உதையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஓய்வூதியம் எடுக்கும் அட்டையைப் பறித்து வைத்துக்கொள்வதும், சர்க்கரை நோய்க்கான மாத்திரையை 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று தள்ளிப் போடுவதும், ஒரே கூரையின்கீழ் வாரக்கணக்கில் பேசாதிருப்பதும் கொடுமையே. அறுபது வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதேனும் ஒருவகைக் கொடுமைக்கு ஆளாகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஜூன் 15ஆம் நாளை இதற்கான விழிப்புணர்வு நாளாக ஐ.நா. பொது அவை 2011இல் ஏற்றது. ஆயினும் நம் தெருக்களில் இதற்குப் பெயர் 'வீட்டு விவகாரம்'. பெற்ற மகனைக் காட்டிக் கொடுக்கத் தாய் துணியாள். அண்டை வீட்டாரோ கேட்கக் கூசுவர். பெற்றோரிடம் சலிப்பொலி எழுப்புவதையும் விலக்கிய மார்க்கத்தைப் பின்பற்றும் நாமும் இதற்கு விதிவிலக்கல்லர்.

பழியை மருமகள்மீது ஏற்றிவிட்டு நகர்வதும் நம் வழக்கம். கணவன் வளைகுடாவில் இருக்க, மறதி நோய் கண்ட மாமியாரை இரவு பகலாகத் தனியே கவனிக்கும் பெண்ணின் களைப்பை எண்ணிப் பார்த்தோமா? நாத்தனாரோ உறவினரோ வாரத்தில் ஒருநாள் அப்பொறுப்பை ஏற்பதும் முதியோர் பாதுகாப்பே ஆகும்.

சட்டம் இல்லாமலில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது; எல்லாச் சமயத்தாருக்கும் பொருந்துவது. தமிழகத்தில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் முறையிடலாம். முதியவரால் இயலாதெனில் அவர் சார்பில் பிறரோ அமைப்போ முறையிடவும் இடமுண்டு. பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற 23ஆம் பிரிவு வழி செய்கிறது. அந்நிபந்தனை இருந்தமை நிறுவப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. 2025 ஜனவரியில் வழங்கிய மற்றொரு தீர்ப்பு, முதியோருக்கு நலம் பயக்குமாறு இச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. நீதிமன்றத்தின் தாராளத்தை நம்பிப் பத்திரத்தில் கஞ்சத்தனம் காட்டுவானேன்?

வாய்மொழி ஹிபா செல்லும். ஆனால் வாய்மொழி நிபந்தனைக்குப் பின்னாளில் சாட்சி கிடைப்பதரிது. ஆகவே ஹிபாவோ செட்டில்மென்டோ, 'என் ஆயுள் உள்ளளவும் இவ்வீட்டில் வசிப்பேன், உணவும் மருத்துவமும் அளிக்க வேண்டும்' என்று எழுதிப் பதிவு செய்யுமாறு பெரியவர்களை வேண்டுகிறேன். இது மகனை நம்பாமை ஆகாது. கடனை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது? உதவிக்கு 14567 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணையும் தொலைபேசியருகே எழுதி ஒட்டுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். திருமணப் பதிவேட்டை எவ்வளவு கருத்துடன் பேணுகிறோம்! அதனருகே, மஹல்லாவில் அறுபதைக் கடந்தோரின் பதிவேடொன்றும் இருக்கட்டும். யாருடன் வாழ்கின்றனர், மருந்து யார் வாங்கித் தருகின்றனர் என்பவற்றைத் திங்கள்தோறும் வீடு சென்று, முதியவரிடம் தனியே கேட்டுக் குறித்தால் போதும். மகனை அருகில் வைத்துக்கொண்டு கேட்டால் 'நலம்' என்னும் ஒரே விடைதான் கிடைக்கும். பெண்களிடம் கேட்க மாணவியர் செல்லலாம். எம் துறை மாணவர்களிடம் இதுபற்றிப் பேசியுள்ளேன். எந்த மஹல்லாவிலிருந்து அழைப்பு வந்தாலும் குறிப்பேட்டுடன் வர ஆயத்தமாக இருக்கின்றனர்.