அடுத்த வீட்டுக் கதவு

‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கண்டிப்பினுள்ளும் அன்பு உண்டு என்று உணர்த்தவந்த அம்மொழி, மனைவியை அடிக்கும் கணவனுக்குப் பரிந்து பேசவும் பயன்படுகிறது. அப்பயன்பாட்டை நாம் ஏற்கலாகாது என்பதே என் கருத்து.

2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களுள் கணவனின் வன்முறைக்கு ஒருமுறையேனும் உள்ளானோர், கர்நாடகத்தில் நூற்றுக்கு 44 பேர். தமிழ்நாட்டில் 38 பேர். நாம் வாழும் மாநிலமும் நம் மொழி வழங்கும் மாநிலமும் ஒன்றையொன்று குறைகூற இடமில்லை.

“பிறர் குடும்பத்தில் தலையிடலாமா?” எனச் சிலர் வினவுவர். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையிலுள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இதற்கு விடை தருகிறது. கொடுமை நிகழ்வதாக நம்பும் எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மீது வழக்கு வாராது. இழிசொல்லும், செலவுக்குப் பணம் தராது வருத்துவதும்கூட அச்சட்டத்தின்படி வன்முறையே. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அவ்வீட்டிலேயே வாழும் உரிமையும் உண்டு.

மைசூரு ஹெப்பாளின் தொழிற்பேட்டையை நம்பிக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பெற்றோர் தொலைவில்; கன்னடமோ பழகவில்லை. அப்பெண் யாரிடம் சொல்வாள்? அவளுக்கு அருகிலிருப்பது அடுத்த வீடு மட்டுமே. 2008இல் ‘மணியை அடியுங்கள்’ என்னும் பொருளில் ஓர் இயக்கம் இந்தியாவில் தொடங்கப்பெற்றது. அதன் விளம்பரப் படம் ஒன்றில், அடியின் ஓசை கேட்டவர் அவ்வீட்டின் அழைப்பு மணியை அழுத்திச் சிறிது பால் கேட்கிறார். அறிவுரையில்லை, சண்டையில்லை. ‘நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்’ என்பதை அந்த மணியே உணர்த்திவிடுகிறது.

மாணவர்களே, நீங்கள் தனியே சென்று இடையில் நிற்க வேண்டா. நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் கூறுங்கள். ஆபத்து நேரத்தில் 112, மகளிர் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098 ஆகிய எண்களை நினைவில் வையுங்கள். ‘சகி’ மையங்களில் தற்காலிகத் தங்குமிடமும் மருத்துவ உதவியும் சட்ட ஆலோசனையும் கிடைக்கும். அக்கொடுமை உங்கள் வீட்டிலேயே நிகழுமாயின், அது உங்கள் குற்றமன்று, சொல்வதில் வெட்கமுமில்லை.

துன்புற்றவரிடம் “ஏன் இத்தனை நாள் பொறுத்தாய்?” என்று கேட்பது மற்றோர் அடியாகும். “உனக்கு என்ன உதவி வேண்டும்?” என்று கேட்போம். முடிவெடுக்கும் உரிமை அவருடையது; துணைநிற்கும் கடமை நம்முடையது.

வெளியில் சொன்னால் குடும்பம் சிதையும் என்பர். முதல் அடி விழுந்தபோதே அது சிதையத் தொடங்கிவிட்டது. அடித்த கை அணைக்கும்வரை காத்திராமல், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் கைகளாக நாம் இருப்போம்.