கலைக்களஞ்சியமும் கருத்து மோதலும்

விக்கிப்பீடியாவில் யாரும் எதனையும் எழுதலாம், எவரும் அதனை அழிக்கலாம், ஆதலால் அது கற்றோர் கைக்கொள்ளத் தகாதது என்று கூறுவோர் நமது ஆசிரிய உலகில் இன்றும் பலர் உளர். அவர்கள் சுட்டும் பெருங்குற்றம் அங்கு நடைபெறும் சண்டை. ஒருவர் எழுதிய வாக்கியத்தை மற்றொருவர் நீக்குகிறார். நீக்கியதை முன்னவர் மீளவும் வைக்கிறார். இவ்வாறு இரவு பகலாக இழுபறி நிகழும் இடத்தில் உண்மை எங்ஙனம் நிலைபெறும் என்பது அவர்தம் வினா. இதற்கு நேர்மாறான கருத்தையே நாம் இங்கு முன்வைக்க விரும்புகிறோம். சண்டையிடுவதற்கு எதிராளி ஒருவரும் எஞ்சாத பக்கமே அக்கலைக்களஞ்சியத்தில் அஞ்சத்தக்க பக்கம்.

சண்டை யாவும் மேன்மையானவை என்று வாதிட நாம் வரவில்லை. தயிரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று ஆங்கில விக்கிப்பீடியர் ஏறத்தாழ எட்டாண்டுகள் வாதிட்டு, 2011 ஆம் ஆண்டிலேதான் ஓய்ந்தனர். தலைவருக்கு எந்தக் கதிரை என்ற வாதமே பொதுக்கூட்டம் முழுவதையும் விழுங்கிவிடுவதைக் கண்டோர்க்கு இது புதுமையன்று. ஆனால் அற்பமான சண்டைகளைக் காட்டிச் சண்டை என்ற ஒன்றையே பழிப்பது, சங்கக் கூட்டத்தில் இருவர் உரத்துப் பேசினரென்பதற்காகச் சங்கமே வேண்டாமென்பதை ஒக்கும்.

2001 ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பட்ட இம்முயற்சி, தன்னுள் எழும் பிணக்குகளை எவ்வாறு தீர்த்துவந்துள்ளது? பெயரும் முகமும் அறியாத தொண்டர்கள், ஊதியம் பெறாதவர்கள், ஒருவர்மீது ஒருவர்க்கு அதிகாரம் அற்றவர்கள், தம்முள் ஒழுங்கு கண்ட வரலாறு அது. 2004 ஆம் ஆண்டில் ஆங்கில விக்கிப்பீடியாவில் விதியொன்று நடைமுறைக்கு வந்தது. ஒரே பக்கத்தில் இருபத்துநான்கு மணி நேரத்துள் மூன்று முறைக்கு மேல் பிறர் எழுத்தை மாற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவருபவர் எழுதுவதிலிருந்து தடுக்கப்படுவார். அவர் எழுதியது சரியா பிழையா என்று இவ்விதி கேட்பதில்லை. கையை நிறுத்து, வாயைத் திற என்று மட்டுமே கூறுகின்றது. ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னும் உரையாடற் பக்கம் ஒன்றுண்டு. காரணங் கூற விரும்புவோர் அங்கு வந்து யாவரும் காணக் கூறுதல் வேண்டும். கூறியது அழியாது நிற்கும். அதே காலத்தில் அமைந்த நடுவர் குழுவும் தொகுப்பாளரின் நடத்தையை மட்டுமே விசாரிக்கும். கட்டுரையின் பொருள் பற்றித் தீர்ப்பளிப்பதில்லை. எது உண்மை எனச் சொல்லும் நீதிமன்றம் ஒன்றைக் கட்டியெழுப்ப அவர்கள் மறுத்தமை நமது பாராட்டுக்குரியது. அத்தகைய மன்றங்களை இருபதாம் நூற்றாண்டு போதுமான அளவு கண்டுவிட்டது. அவற்றுட் சில நமது அணியின் பெயராலேயே நடத்தப்பட்டன.

"வாக்கெடுத்து முடித்தாலென்ன, அதுதானே ஜனநாயகம்?" என்பர் சிலர். வாக்கு எங்கு செல்லும், எங்கு செல்லாது என்பதை ஓர் உதாரணத்தாற் காண்போம். போலந்தின் கடற்கரை நகரமாகிய கிடான்ஸ்க், ஜேர்மானியரால் டான்சிக் என வழங்கப்பட்டது. எந்தப் பெயரை எழுதுவது என்று நீண்டநாள் நடந்த போர் 2005 ஆம் ஆண்டில் வாக்கெடுப்பால் முடிந்தது. 1308 முதல் 1945 வரையான காலத்துக்கு டான்சிக் என்றும், அதற்கு முன்னும் பின்னும் கிடான்ஸ்க் என்றும் எழுதுவதெனத் தீர்மானித்தனர். பெயர் என்பது வழக்கு. வழக்கினைப் பலர்கூடி வகுக்கலாம். ஆனால் அந்நகரில் யார் யாரைக் கொன்றனர் என்பதை வாக்கினால் வகுக்க இயலுமா? பெரும்பான்மை கூடி ஒரு மொழியைச் சட்டமாக்கியதை 1956 இல் கண்ட நாட்டவராகிய நமக்கு, தலைகளை எண்ணுவதற்கும் நியாயத்தை நிறுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை வேறெவரும் வந்து விளக்க வேண்டியதில்லை.

ஆகவேதான் விக்கிப்பீடியர் "இணக்க முடிவு" என்ற ஒன்றைக் கைக்கொண்டனர். தலைகளை எண்ணாது, காரணங்களின் வலுவைப் பார்ப்பதென்பது அதன் பொருள். சொல்லளவில் இது மிக நன்று. நடைமுறையில் இதற்குள் ஒரு கள்ளம் ஒளிந்திருப்பதையும் நாம் மறைக்கலாகாது. பகல் முழுவதும் பாடசாலையிற் கற்பித்து, மாலையில் ரியூசன் வகுப்பும் எடுத்து, இரவில் விடைத்தாள் திருத்தும் ஆசிரியை ஒருவர் உரையாடற் பக்கத்தில் ஒரு பதில் எழுதுவதற்குள், ஓய்வுநேரம் மிகுந்த எதிராளி இருபது பதில்களை எழுதிவிடுவார். மூன்றாம் நாள் அவர் களைத்துப்போய் விலகுவார். விலகியதும், "இணக்கம் ஏற்பட்டது" எனக் குறிப்பு எழுதப்படும். ஓய்வுநேரமும் ஒரு சொத்தே. அது வர்க்கங்களிடையே சமமாகப் பங்கிடப்பட்டதன்று. ஆணுக்கும் பெண்ணுக்குமிடையே அதனினும் சமமற்றது. தொகுப்போரிற் பெண்கள் மிகச் சிறுபான்மையினர் என்பதை விக்கிமீடியாவின் சொந்த ஆய்வுகளே பன்முறை காட்டியுள்ளன. சண்டையிற் சம்பந்தப்படாத மூன்றாமவர் ஒருவரை அழைத்துக் கருத்துக் கேட்பதும், வாதம் முடிந்தபின் பக்கஞ் சாராத ஒருவர் காரணங்களை நிறுத்து முடிவெழுதுவதும் இக்குறையை ஓரளவு நீக்குகின்றன. ஓரளவு என்றே சொல்கிறோம்.

இனி, எதிராளி இல்லாத பக்கத்துக்கு வருவோம். குரோசிய மொழி விக்கிப்பீடியாவின் கதையை நமது மாணவர் அனைவரும் அறிதல் நலம். யூகோஸ்லாவியா சிதறியபின், மொழியியலாளர் பலர் ஒரே மொழியின் வகைகளெனக் கருதும் பேச்சுக்கு நான்கு விக்கிப்பீடியாக்கள் தோன்றின: குரோசியம், சேர்பியம், பொஸ்னியம், சேர்போ-குரோசியம். ஒருவரோடொருவர் வாதிட்டிருக்க வேண்டியவர்கள் தத்தம் மதிலுக்குள் அமர்ந்து தத்தம் வரலாற்றை எழுதலாயினர். குரோசியப் பகுதியில் தேசியவாதக் குழுவொன்று நிர்வாகப் பொறுப்புகளைக் கைப்பற்றியது. மறுத்து எழுதியோர் தடைசெய்யப்பட்டனர். ஒருவரே பல புனைபெயர்களிற் புகுந்து வாக்களிக்கும் "கைப்பாவை" முறையும் கையாளப்பட்டது. விளைவு யாது? இரண்டாம் உலக யுத்தத்தின்போது உஸ்தாஷா பாசிஸ்டுகள் சேர்பியரையும் யூதரையும் ரோமா மக்களையும், தமக்கு எதிரான குரோசியரையும் கொன்று குவித்த யாசெனொவாட்ஸ் முகாம், அங்கு கொல்லப்பட்டோருள் 83,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களை அதன் நினைவகம் திரட்டி வைத்திருக்கும் அந்த முகாம், ஆட்களைச் சேர்த்து வேலைவாங்கிய இடமாக அங்கு எழுதப்பட்டது.

2013 ஆம் ஆண்டில் இது பத்திரிகைகளில் வெளிவந்தபோது, அந்நாட்டின் கல்வி அமைச்சரே மாணவர் அதனைப் பயன்படுத்த வேண்டாமென அறிவுறுத்தினார். ஆயினும் அக்குழு மேலும் பல ஆண்டுகள் அசையாதிருந்தது. விக்கிமீடியா நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீடு, குறைந்தது 2011 முதல் 2020 வரை ஒரு குழுவின் தகாத ஆதிக்கத்தில் அப்பகுதி இருந்ததென்றும், உள்ளடக்கம் வேண்டுமென்றே திரிக்கப்பட்டதென்றும் உரைத்தது. ஏறத்தாழப் பத்தாண்டு! ஒரு பிள்ளை முதலாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்கு வரும் காலம். அங்கும் விதிகள் இருந்தன, உரையாடற் பக்கங்கள் இருந்தன, "இணக்கமும்" இருந்தது. எதிர்த்துப் பேசுவோரை வெளியேற்றியபின் இணக்கத்துக்கு என்ன குறை?

இதன் மறுபக்கத்தையும் நோக்குவோம். 2019 ஆம் ஆண்டில் "நேச்சர் ஹியூமன் பிஹேவியர்" என்ற ஆய்விதழில் வெளியான ஆய்வொன்று, ஆங்கில விக்கிப்பீடியாவின் பல்லாயிரம் கட்டுரைகளை ஆராய்ந்து, அரசியலில் எதிரெதிர் நிற்போர் கூடி எழுதிய கட்டுரைகள் ஒரே கருத்தினர் எழுதியவற்றைவிடத் தரத்தில் மேம்பட்டு நிற்பதாகக் கண்டது. எதிரி அருகில் இருக்கிறான் என்ற உணர்வு, எழுதுவோனைச் சான்று தேட வைக்கின்றது. மிகைச் சொல்லை அவனே அடித்துவிடுகிறான். முரண்பாடுகளின் மோதலிலேயே வளர்ச்சி பிறக்கின்றது என்று படித்தவர்கள் நாம். படித்ததை நம் எழுத்துக்குப் பிரயோகிக்க மட்டும் ஏன் தயங்குகிறோம்?

நமது தீவுக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, ஆங்கில விக்கிப்பீடியாவில் இலங்கை பற்றிய கட்டுரைகள் தினமும் போர்க்களமாயிருந்த வேளையில், சிங்களரும் தமிழரும் பிறருமாகிய தொகுப்பாளர் சிலர் நல்லிணக்கத்துக்கெனத் தனித் திட்டக்குழு ஒன்றை அமைத்தனர். பக்கஞ் சார்ந்த ஏடுகளைச் சான்றாகக் காட்டுவதாயின், அவை எப்பக்கத்தன என்பதை வாசகர் அறிய வெளிப்படையாகக் குறித்தே காட்ட வேண்டும் என்பது அவர்கள் கைக்கொண்ட வழிகளுள் ஒன்று. மிக எளிய வழி. ஆனால் அரசாங்கப் பேச்சாளரும் அவரை எதிர்த்தோரும் சொன்னவற்றையெல்லாம் "செய்தி" என்ற ஒரே பெயரால் அச்சிட்ட பத்திரிகைகளை வாசித்து வளர்ந்த நமக்கு அதன் அருமை தெரியும். அவர்கள் யுத்தத்தை நிறுத்தவில்லை. ஒரே பக்கத்தில் எழுதக் கற்றுக்கொண்டனர்.

தமிழ் விக்கிப்பீடியாவும் சிங்கள விக்கிப்பீடியாவும் அவ்வாறன்று. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை வளர்த்தெடுத்தோருள் இலங்கையரான இ. மயூரநாதனின் பெயர் முன்னிற்பது நமக்குப் பெருமை. அங்கு கிரந்த எழுத்து வேண்டுமா, ஊர்ப்பெயர்களை யாழ்ப்பாண வழக்கில் எழுதுவதா தமிழக வழக்கில் எழுதுவதா என்ற வாதங்கள் உண்டு, அவை பயனுள்ளவையே. ஆனால் 1983 பற்றித் தமிழிற் தமிழர் எழுதும்போதும், சிங்களத்திற் சிங்களர் எழுதும்போதும், "இதற்குச் சான்று என்ன?" என்று மறுகரையிலிருந்து கேட்கும் குரல் இல்லை. நம்முள் நாமே அக்குரலை எழுப்பினாலன்றி, குரோசியருக்கு நேர்ந்தது நமக்கு நேராதென்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. முற்போக்கு நண்பர் சிலர், "நாம் ஐம்பது மாணவரைத் திரட்டிச் சென்று எழுதிவிட்டால் எவர் அழிக்க முடியும்?" என்கின்றனர். நாளை அவர்களை எதிர்ப்போர் ஐந்நூறு பேரைத் திரட்டிவரமாட்டாரா? எண்ணிக்கையே நியாயமென்ற சட்டத்தின் கீழ் இந்நாட்டில் யார் வெல்வார், யார் தோற்பார் என்பதை அந்நண்பர்கள் ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக.

சான்று என்ற சொல்லும் நம்மைப் பொறுத்தவரை அவ்வளவு எளிதன்று. அச்சிடப்பட்ட, நம்பத்தக்க, பிறர் சரிபார்க்கக்கூடிய ஆதாரம் வேண்டுமென்பது கலைக்களஞ்சியத்தின் விதி. அச்சகமும் பல்கலைக்கழகமும் யார் கையில் இருந்தனவோ, அவர்களுக்கு இவ்விதி முன்கூட்டியே பாதி வெற்றியை அளித்துவிடுகின்றது. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த சுமார் 97,000 நூல்களோடு, இனி எந்த உரையாடற் பக்கத்திலும் எடுத்துக்காட்ட முடியாதபடி எத்தனையோ ஆதாரங்கள் சாம்பலாயின. 2005 முதல் நூலகம் திட்டத்தினர் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் யாவரும் பார்க்கத் தந்துவருவது, இக்காரணத்தால் வெறும் புத்தகப் பாதுகாப்பன்று; நடக்கவிருக்கும் வாதங்களுக்கு ஆயுதம் சேர்க்கும் பணி.

1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தைப் பற்றியோ, 1968 இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தைப் பற்றியோ நம் மாணவர் ஒருவர் விரிவாக எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஆதாரம் தேவை" என்று மற்றொருவர் அதனை நீக்குவார். நீக்குபவர் சாதிமானாகவே இருக்கலாம். ஆயினும் அவர் கேட்கும் கேள்வி முறையானது. அதற்கு விடையளிக்கக்கூடிய துண்டுப்பிரசுரங்களும் கூட்ட அறிக்கைகளும் இன்றும் பழைய தோழர் வீடுகளின் தகரப் பெட்டிகளிற் கறையானுக்கு இரையாகிக் கொண்டிருக்கின்றன. பிரசுரம் முதனிலைச் சான்று. அதனைக் கொண்டு ஆய்வாளர் எழுதும் நூலே கலைக்களஞ்சியத்தில் உறுதியாக நிற்கும். பெட்டி திறக்கப்படாமல் அந்நூல் எழுதப்படாது. அக்காலத்தில் இயக்கத்தில் நின்றோருள் பெரும்பாலோர் எண்பதைக் கடந்துவிட்டனர். அடுத்த விடுமுறையில் தத்தம் ஊரில் அவர்களைத் தேடிச் செல்லும்படி, பெட்டியில் உள்ளவற்றை இரவல் வாங்கிப் பிரதி செய்து நூலகத்தில் சேர்க்கும்படி, ஆசிரிய நண்பர்கள் தம் மாணவரை ஏவுவார்களாக.