சந்திரசேகர் எல்லை திரி அல்ல

வெண்குறு விண்மீன் சூரியனின் நிறையைப்போல் 1.44 மடங்கை, அதாவது சந்திரசேகர் எல்லையை, தாண்டினால் வெடிக்கும், இதை இயற்பியலாளர் சந்திரசேகர் 1930 கப்பல் பயணத்தில் கண்டுபிடித்தார் என்கிறார்கள். தவறு.

ஒன்று: 19 வயதுச் சந்திரசேகர் கணக்கிட்டது விண்மீன் தன் எடையைத் தாங்கும் வரம்பை, வெடிப்பை அல்ல. 1931இல் அவர் வெளியிட்ட மதிப்பும் சூரிய நிறையைப்போல் 0.91 மடங்குதான். தூத்துக்குடித் துறைமுகத்தில் சுமைக்கோட்டை மீறிச் சரக்கேற்றிய கப்பல் மூழ்கலாம், அதனால் தீப்பிடிக்குமா?

இரண்டு: வெடிக்க வைப்பது கார்பன். சாதாரண விண்மீன் சூடேறினால் விரிந்து தணியும். வெண்குறு விண்மீனின் அழுத்தமோ வெப்பத்தைப் பெரிதும் சார்ந்ததல்ல. விரிவில்லை, தணிவுமில்லை. கார்பன் எரிகிறது, சூடு ஏறுகிறது, இன்னும் வேகமாக எரிகிறது. சில நொடிகளில் விண்மீனே சிதறுகிறது. இதை 1960இல் முன்வைத்தவர்கள் அறிவியலாளர்கள் ஹாயிலும் ஃபவுலரும்.

மூன்று: வெடிக்க எல்லையைத் தொடவே தேவையில்லை. வெண்குறு விண்மீனின் மேலே படிந்த ஹீலியம் வெடித்து, அதன் அதிர்ச்சி அலை உள்ளிருக்கும் கார்பனைப் பற்றவைக்க முடியும்.