வாயிலில் நின்ற தமையன்

கெட்ட குமாரன் கதையில் நாம் இளையவனையே பழிப்போம். ஆயின், லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இதனைக் கூறியது, பாவிகளோடு அவர் உண்பதற்கு முறுமுறுத்த பரிசேயர்க்கன்றோ?

தமையன் உழைப்பாளி, கட்டளை மீறாதவன். எனினும், தம்பி மீண்ட நாளில் வீட்டினுள் புக மறுத்தவன் அவனே. ‘என் தம்பி’ என்னாது, தந்தையிடம் ‘உம் மகன்’ என்றான். தந்தையோ ‘உன் தம்பி’ யென்று அறுந்த உறவைப் பிணைத்தார். இளையவனை எதிர்கொள்ள ஓடியவர், மூத்தவனை வருந்தியழைக்கவும் வெளியே வந்தார்.

எமதூராகிய கீரனூரிலும், பாகப்பிரிவினைக்குப்பின் பேச்சற்ற உடன்பிறந்தாரைக் கண்டிருக்கின்றோம். ‘யான் தவறிலேன்’ என்னும் எண்ணமே அவர்க்கிடையே சுவராய் நிற்கின்றது. கலகஞ்செய்தவன் தன் பிழையுணர்ந்து திரும்புவான். தன்னை நீதிமானென்று கருதுவோன் எதனையுணர்ந்து திரும்புவான்?

தமையன் உள்ளே சென்றானா? கதை கூறவில்லை. நண்பர்காள், அவ்விடையை நம் இல்லங்களில் நாமே எழுதவேண்டும்.