சிப்பாய்க்கு ஒரு நியாயம், கொழுந்து பறிப்பவளுக்கு ஒரு நியாயமா?



ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் வாழும் நமக்குத் தியத்தலாவை முகாம் புதிதல்ல. 1900ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை வெள்ளைக்காரன் அங்கேதான் கொண்டுவந்து அடைத்தான். 2020 பெப்ரவரியில் சீனாவின் வுஹான் நகரிலிருந்து அழைத்துவரப்பட்ட நமது நாட்டு மாணவர்கள் 33 பேரை இரண்டு வாரம் தனிமைப்படுத்திப் பராமரித்ததும் அங்கேதான்.

அந்த முகாமில் இராணுவத்துக்கென்றே ஒரு வைத்தியசாலை இருக்கிறது. டொக்டர், தாதி, மருந்து, வாகனம் எல்லாவற்றுக்கும் அரசாங்கமே செலவு செய்கிறது. ஒரு சிப்பாய்க்குப் பெரிய வருத்தம் என்றால் கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள இராணுவ வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறார்கள். போரில் அங்கவீனமானவர்களைப் பராமரிக்க ராகமையில் 'ரணவிரு செவன' இருக்கிறது. படுக்கையில் கிடந்தாலும் சிப்பாயின் சம்பளம் நிற்பதில்லை.

இதில் நமக்குப் பொறாமை இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, சேற்றில் இறங்கி நமது உறவுகளைத் தேடியவர்களில் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைப்பதில் ஒரு மாத்திரையைக் கூடக் குறைக்கச் சொல்ல மாட்டோம். நமது கேள்வி வேறு. வேலையில் அடிபட்டவரைக் கடைசிவரை பார்ப்பது தன் கடமை என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கடமை ஏன் தோட்டத்து வாசலில் நின்றுவிடுகிறது?

போன மழைக்காலத்தில் என் வகுப்பில் ஒரு பிள்ளை நான்கு நாள் வரவில்லை. விசாரித்தேன். தாய் மலையில் வழுக்கி விழுந்து கால் முறிந்திருக்கிறது. கம்பளியில் கிடத்தி நாலு பேர் ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். தோட்ட டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. கொழுந்து லொறி வரும்வரை காத்திருந்து, அதில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த பிறகு அந்த அம்மாவுக்குப் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் சம்பளம் ஏது? தம்பியைப் பார்க்கவும் சமைக்கவும் மகள் வீட்டில் நின்றுவிட்டாள். கால் முறிந்தது தாய்க்கு. படிப்பு முறிந்தது மகளுக்கு.

இந்த நிலை நேற்று வந்ததல்ல. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பைத் துரையின் கையில் கொடுத்தது. அன்றிலிருந்து நாம் நாட்டின் நோயாளிகளாக அல்ல, தோட்டத்தின் ஆட்களாகவே பார்க்கப்பட்டோம். 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. பின்னர் தோட்ட வைத்தியசாலைகளைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்கத் தொடங்கியது. அந்த வேலை பாதி வழியில் நிற்கிறது. இன்றும் பல தோட்டங்களில் எம்.பி.பி.எஸ். படித்த டொக்டர் இல்லை.

காசு இல்லை என்பார்கள். தேயிலை ஆண்டுதோறும் நூறு கோடி டொலருக்கு மேல் இந்த நாட்டுக்குக் கொண்டுவருகிறது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். கடையில் நாம் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கினாலும் அந்த வரி அதில் இருக்கிறது. முகாம் வைத்தியசாலையை நடத்தும் திறைசேரியில் நமது காசும் சேர்ந்திருக்கிறது. ஆகவே நாம் கேட்பது பிச்சையல்ல.

நமது கோரிக்கைகள் இவை. மிச்சமுள்ள எல்லாத் தோட்ட வைத்தியசாலைகளையும் டிஸ்பென்சரிகளையும் சுகாதார அமைச்சு பொறுப்பேற்க வேண்டும். அங்கே தகுதி பெற்ற டொக்டரும், தமிழ் பேசும் தாதியும் இருக்க வேண்டும். வேலையில் அடிபட்டவர் குணமாகும்வரை பேர் போட வேண்டும். மழையிலும் அம்பியூலன்ஸ் லயம்வரை வரத்தக்க ரோடு வேண்டும். ஓய்வு பெற்ற நமது பெரியவர்களையும் கைவிடக் கூடாது. இந்தியாவில் ஓய்வு பெற்ற சிப்பாய்க்கும் அவரில் தங்கியிருக்கும் குடும்பத்தினருக்கும் 2003ஆம் ஆண்டிலிருந்து தனியான வைத்தியத் திட்டம் நடக்கிறது. நாற்பது வருடம் மலை ஏறிய நமது பாட்டிமாருக்கு அப்படி ஒன்று வேண்டாமா?

இவை கிடைக்கும்வரை நாமும் சும்மா இருக்கக் கூடாது. அவசரம் என்றால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். யாராவது வேலையில் அடிபட்டால் அன்றே ஆபீசில் எழுத்தில் பதியச் சொல்லுங்கள். 1934ஆம் ஆண்டிலிருந்து வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் நமக்கு இருக்கிறது. ஆனால் எழுத்து இல்லாவிட்டால் வழக்கு நிற்காது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வைத்திருங்கள். டிஸ்பென்சரி பூட்டியிருந்த நாள், மருந்து இல்லாத நாள், லொறிக்குக் காத்திருந்த நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

அமைச்சருக்கு முன்னால் மேசையில் அந்தக் கொப்பிகளைத்தான் வைப்போம். தியத்தலாவையில் செய்ய முடிந்ததைத் தோட்டத்தில் ஏன் செய்ய முடியாது என்று அப்போது அவர் நமக்குப் பதில் சொல்லட்டும்.