காணவில்லை!

பேப்பரில் 'காணவில்லை' விளம்பரம் பார்த்திருப்பீர்கள். நிறம் மாநிறம், உயரம் ஐந்தடி, கட்டம் போட்ட சட்டை... போன ஐப்பசியில் நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் அப்படியொரு விளம்பரம் கொடுத்தது. காணாமல் போனவர் பெயர் பாதி எழுத்து, பாதி எண். இனிஷியல் மட்டும் கடைசியில் - டி.எல்.எல்.! அங்க அடையாளமும் இல்லை, சன்மானமும் இல்லை.

நடந்தது இதுதான். கொட்டுகிற மழை. 'அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்' என்று விண்டோஸ் கெஞ்சிக் கொண்டிருந்தது. நான் அணைக்கவில்லை சார். கரண்ட் போய்விட்டது! யூ.பி.எஸ். பேட்டரி செத்து இரண்டு வருஷம். காலையில் விண்டோஸ் வந்தது. ஆனால் எதைத் தொட்டாலும் 'காணவில்லை', எந்த ஃபோல்டரும் திறக்கவில்லை.

ரிப்பேர்க் கடைத் தம்பிக்குப் போன் போட்டேன்.

"பார்மட் அடிச்சிரலாம் அண்ணாச்சி. சி டிரைவுல உள்ளது போவும், அவ்வளவுதான்."

அவ்வளவுதானா? சி டிரைவில் அப்பா இருந்தார். அந்தக் காலத்து நெல் பெயர்கள், எந்த வயலுக்கு எந்த மடை என்று அவர் சொல்லச் சொல்ல நான் பதிவு செய்த 40 நிமிஷம். அப்பா போய் மூன்று வருஷமாகிறது. வேறு காப்பி கிடையாது. எடுத்து வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்ததோடு சரி.

"அப்பாக்க பேச்சும் போயிருமா மக்களே?" என்றாள் அம்மா. கடைத் தம்பியிடம் 'நாளைக்குச் சொல்லுதேன்' என்று போனை வைத்தேன்.

பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். "மாமா, அந்த ஃபைல் நெட்ல சும்மா கிடைக்கு. இறக்கிப் போட்டா முடிஞ்சு!"

எனக்குக் கரடி ஞாபகம் வந்தது. 2002-ல் உலகம் பூராவும் ஒரு ஈ-மெயில் சுற்றியது. 'கரடி பொம்மை படம் போட்ட ஒரு கோப்பு உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறதா? அது வைரஸ், உடனே அழியுங்கள்!' அடியேனும் அழித்தேன், பத்துப் பேருக்கு அனுப்பியும் வைத்தேன். பிற்பாடுதான் தெரிந்தது, கரடி விண்டோஸின் சொந்தப் பிள்ளை என்று! ஜாவா புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே அது தேவை என்பதால் தப்பித்தேன். யாரோ சொன்னார் என்று அழிப்பதும் தப்பு, யாரோ கொடுத்தார் என்று சேர்ப்பதும் தப்பு. ஊர் பேர் தெரியாத இடத்தில் இறக்கும் டி.எல்.எல்.லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறதோ!

எங்கள் பக்கம் விதைநெல்லைப் பத்தாயத்தில் தனியாகப் போட்டு வைப்பார்கள். வயல் அழிந்தால் சந்தைக்கு ஓட வேண்டாம். விண்டோஸுக்கும் ஒரு பத்தாயம் உண்டு. தன் கோப்புகளுக்கு அசல் பிரதியை வைத்திருக்கும். அங்கிருந்து எடுத்துக் கொடுக்கும் காரியஸ்தர் பெயர் எஸ்.எஃப்.சி. 1998-ல் வந்த விண்டோஸ் 98 காலத்திலிருந்தே வேலையில் இருக்கிறார்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அமுக்கினேன். டாஸ்க் மேனேஜர் வந்தது. அதில் புது டாஸ்க் கேட்டு, 'சி.எம்.டி.' என்று அடித்து, அட்மினிஸ்ட்ரேட்டர் கட்டத்தில் டிக் போட்டேன். கறுப்பு ஜன்னலில் எஸ்.எஃப்.சி., ஒரு இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ். காரியஸ்தர் 100 சதவிகிதம் வரை நிதானமாக எண்ணிவிட்டு, 'சிலதைச் சரி செய்ய முடியவில்லை' என்று கையை விரித்தார். பத்தாயத்திலேயே வண்டு!

வீட்டு விதை கெட்டால் திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போவதில்லையா? அது மாதிரி 'டிஸ்ம்' என்று ஒரு கட்டளை உண்டு. விண்டோஸ் 8 முதல் அதோடு 'ரெஸ்டோர்ஹெல்த்' என்று சேர்த்துக் கொடுத்தால் மைக்ரோசாஃப்டிடமிருந்தே புது விதை வாங்கிப் பத்தாயத்தை நிரப்பும். நெட் இணைப்பு வேண்டும், பொறுமை அதைவிட வேண்டும். 62-ல் போய் நின்றது பாருங்கள், அம்மா விபூதி எடுத்து வந்துவிட்டாள். விபூதிக்கோ வேறெதற்கோ, 100 ஆயிற்று. மறுபடி எஸ்.எஃப்.சி. இந்த முறை 'சரி செய்தாயிற்று'!

ஒரு விஷயம். காணாமல் போனது விண்டோஸ் கோப்பாக இருந்தால்தான் இந்த வைத்தியம். வேறு புரோகிராமுடையது என்றால் அந்த புரோகிராமைத்தான் திரும்பப் போட வேண்டும். அந்தக் கறுப்பு ஜன்னலிலேயே முதல் வேலையாக அப்பாவைப் பென் டிரைவில் ஏற்றியிருக்கலாம் என்று மறுநாள் ஆபீஸில் ஒருவர் சொன்னார். நமக்குப் புத்தி எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வருகிறது.

அன்று ராத்திரி அப்பா பேசினார். கட்டிச்சம்பாவில் ஆரம்பித்து அம்பை 16 வரை. அம்மா ஒன்றும் சொல்லாமல் முழுசும் கேட்டாள். பிறகு கேட்டாள்.

"இந்தப் பேச்சு அழிஞ்சா, அந்தக் காரியஸ்தன் எடுத்துத் தருவானா?"

"தரமாட்டான்ம்மா. விண்டோஸ் சாமானுக்கு மட்டும்தான் அவன் பொறுப்பு."

இப்போது அப்பா இரண்டு பென் டிரைவில் இருக்கிறார். ஒன்று என் ஆபீஸ் மேஜையில். இன்னொன்றை அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். எங்கே என்று போன வாரம்தான் கண்டுபிடித்தேன். அஞ்சறைப் பெட்டியில், வெந்தயத்துக்குப் பக்கத்தில்!