லீவரைக் கட்டிவிட்டு ரிமோட் தேடலாமா?

''எங்களிடம் பெட்ரோலில் ஓடும் பவர் வீடர் இருக்கிறது. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் என் வீட்டுக்காரர்தான் ஓட்டுவார். போன ஐப்பசியில் வரப்போரம் ரிவர்ஸ் எடுக்கும்போது மல்லாந்து விழுந்து, கெண்டைக்காலில் கத்தி பட்டுப் பதினோரு தையல். பனியில் ஓட்டும் வண்டிகளுக்கு ஒயர் இல்லாமலேயே இன்ஜினை நிறுத்தும் கருவி வந்திருக்கிறது, நம் வண்டிக்கும் மாட்டலாம் என்கிறான் மகன். வாங்கலாமா?''

- வாசகி, கீழப்பழுவூர்.

மகன் சொல்வது உண்மைதான். பனிப் பிரதேசங்களில் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டியில், ஓட்டுபவரின் உடையோடு ஒரு கயிற்றை மாட்டியிருப்பார்கள். அவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு சுவிட்சைப் பிடுங்கும், இன்ஜின் நின்றுவிடும். நகரத்து உடற்பயிற்சிக் கூடங்களில் டிரெட்மில்லில் தொங்கும் சிவப்புக் கயிறும் இதே வேலையைத்தான் செய்கிறது. மோட்டார் படகுகளிலும் இது உண்டு. அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான படகுகளை ஓட்டுபவர்கள் இதை மாட்டியிருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் சட்டமாகவே இருக்கிறது. கயிற்றுக்குப் பதிலாக வந்ததுதான் ஒயர் இல்லாத கருவி. ஓட்டுபவரின் உடம்பில் ஒரு வில்லை, வண்டியில் ஒரு பெட்டி. வில்லையின் சிக்னல் பெட்டிக்குக் கிடைக்கும் வரை இன்ஜின் ஓடும். ஆள் விலகிப்போய் சிக்னல் அறுந்தால் நின்றுவிடும்.

இங்கேதான் யோசிக்க வேண்டும். பனி வண்டியிலும் படகிலும் ஆபத்து, ஆள் ஒரு பக்கம் விழ, வண்டி இன்னொரு பக்கம் ஓடிவிடுவது. பவர் வீடரில் நடப்பது நேர் எதிர். ஆள் விழுகிறார், வண்டி அவர் மீதே ஏறி வருகிறது. அவர் சட்டைப்பையில் உள்ள வில்லைக்கும் வண்டிக்கும் இடைவெளி கூடவில்லை, குறைந்துதான் போகிறது. சிக்னல் அறுகாது, இன்ஜினும் நிற்காது. ஆயிரக்கணக்கில் செலவழித்து அந்தக் கருவியை மாட்டியிருந்தாலும் அந்தப் பதினோரு தையலைத் தடுத்திருக்காது.

தடுத்திருக்கக் கூடியது வண்டியிலேயே இருக்கிறது. பெரும்பாலான பவர் வீடர்களில், கைப்பிடியோடு சேர்த்து லீவரை அழுத்திப் பிடித்தால்தான் கத்தி சுற்றும். கையை விட்டால் கிளட்ச் விலகிக் கத்தி நின்றுவிடும். ஒரு ஏக்கர் ஓட்டி முடிப்பதற்குள் விரல் மரத்துப்போகும் என்பதும் உண்மை. அதனால் பழைய சைக்கிள் டியூபை வெட்டி லீவரைக் கைப்பிடியோடு இறுக்கிக் கட்டிவிடுவது ஊருக்கு ஊர் நடக்கிறது. உங்கள் வண்டியில் அப்படிக் கட்டியிருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கட்டியிருந்தால், டியூபை அவிழ்ப்பதுதான் முதல் வேலை. அதற்குக் காசு செலவில்லை. விரல் வலித்தால் நாலு சாலுக்கு ஒரு தடவை நின்று கையை உதறிக்கொள்ளலாம், ஆள் மாற்றி ஓட்டலாம்.

சில வண்டிகள் இதற்கு மாறாக இருக்கும். பைக் கிளட்ச் போல, லீவரைப் பிடித்தால் நிற்கும், விட்டால் ஓடும். உங்களுடையது அந்த ரகம் என்றால் மணிக்கட்டுக் கயிறு அவசியம். பெட்ரோல் இன்ஜினில் இது எளிய வேலை. கைப்பிடியில் இருக்கும் சிவப்பு சுவிட்ச் என்ன செய்கிறது? இக்னிஷன் காயிலில் இருந்து வரும் ஒயரை இன்ஜின் பாடியோடு சேர்த்து எர்த் ஆக்குகிறது. ஸ்பார்க் போய்விடுகிறது, அவ்வளவுதான். படகு இன்ஜினுக்கு விற்கும் கயிறு சுவிட்ச் ஒன்றை வாங்கி, அதே ஒயரில் இன்னொரு கிளை எடுத்து மாட்ட, விவரம் தெரிந்த மெக்கானிக்குக்கு அரை மணி நேரம் போதும். கயிற்றின் நீளத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஓட்டுபவர் நிமிர்ந்து நடக்கும்போது கயிறு லேசாகத் தொய்ந்திருக்க வேண்டும்; ஒரு முழம் பின்னால் சாய்ந்தாலே பிடுங்கிக்கொள்ள வேண்டும். டீசல் வண்டிக்கு இது ஒத்துவராது. அதில் ஸ்பார்க் கிடையாது, எரிபொருளை அடைத்தால்தான் நிற்கும். கயிற்றால் ஸ்டாப் லீவரை இழுக்க வைக்கலாம்தான், ஆனால் அதற்குத் தனி ஸ்பிரிங் அமைப்பு வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. கார் கதவு ரிமோட் மாதிரி, பட்டனை அழுத்தினால் இன்ஜினை நிறுத்தும் மலிவான ரிலே செட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இவை பாதுகாப்புக் கருவி அல்ல. விழுந்து கிடப்பவர் பையில் கைவிட்டுப் பட்டனைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பேட்டரி தீர்ந்திருந்தால் அழுத்தினாலும் நிற்காது. சிக்னல் போனாலும், பேட்டரி போனாலும், ஒயர் அறுந்தாலும் இன்ஜின் நிற்க வேண்டும். அதுதான் சரியான கருவி. வாங்கும் முன் கடையிலேயே வில்லையின் பேட்டரியைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கிணற்று மோட்டாருக்கு மாட்டும் செல்போன் ஸ்டார்ட்டரையும் இதற்கு நம்பக் கூடாது. டவர் கிடைக்காத நேரத்தில் அது என்ன பாடுபடுத்தும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் ஒயர் இல்லாத நிறுத்தியால் நம் வயலில் பயனே இல்லையா? உண்டு, களத்தில். தை, மாசியில் அரியலூர், பெரம்பலூர் பக்கம் டிராக்டர் பி.டி.ஓ-வில் ஓட்டி மக்காச்சோளம் உதிர்க்கிறார்கள். கதிரைத் தள்ளுபவர் ஒரு முனையில், டிராக்டரின் ஸ்டாப் குமிழ் மறு முனையில். டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பார். முந்தானையோ துண்டோ சிக்கினால் கூச்சல் போடுவதைத் தவிர வழியில்லை, அந்த இரைச்சலில் அதுவும் கேட்காது. அங்கே கதிர் தள்ளுபவரின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரிய சிவப்பு பட்டன், அதிலிருந்து டிராக்டரின் எரிபொருளை அடைக்கும் சொலினாய்டுக்கு ஒயரில்லா இணைப்பு என்றால் அர்த்தமுண்டு. ஆனாலும் இன்ஜின் நின்ற பிறகு டிரம் தன் வேகத்தில் சில நொடிகள் சுற்றும். கை உள்ளே போகாமல் தடுப்பது தட்டின் நீளமும் அதன் மேல் மூடியும்தான். கதிரடிக்கும் இயந்திர விபத்துகளில் பலர் கையை இழந்ததால்தான், ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்றே 1983-ல் மத்திய அரசு ஒன்றைக் கொண்டுவந்தது. காயம்பட்ட கூலியாளுக்கு இழப்பீடும் அதில் உண்டு. வாடகைக்கு வரும் இயந்திரத்தில் மூடியைக் கழற்றி வைத்திருந்தால், மாட்டச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

மீண்டும் உங்கள் வண்டிக்கு வருவோம். ரிவர்ஸ் போடும் முன் கத்தியை நிறுத்திவிட வேண்டும். ஆக்சிலேட்டரை முழுதாகக் குறைத்து, பின்னால் வரப்போ கல்லோ இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்த பிறகே பின்னால் வர வேண்டும். வரப்புக்கு நாலடி முன்பே திருப்பிவிட்டால் ரிவர்ஸே தேவைப்படாது. விடுபட்ட அந்தத் துண்டை மண்வெட்டியால் கொத்திக்கொள்ளலாம். கத்தியில் கோரையும் அருகும் சுற்றிக்கொண்டால், இன்ஜினை அணைத்து ஸ்பார்க் பிளக் ஒயரையும் கழற்றிய பிறகே கை வையுங்கள். வேட்டியைக் கழற்றி வைத்துவிட்டு கால்சட்டை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ்.

மானியத்தில் வாங்கிய வண்டியாக, வாரண்டி முடியாததாக இருந்தால், ஒயரில் கை வைக்கும் முன் டீலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அரியலூரில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்கு வண்டியின் மாடல் எண்ணோடு போனால், லீவர் எந்த ரகம், கயிறு சுவிட்ச் பொருந்துமா என்று விசாரித்துக்கொள்ளலாம். போகும்போது மகனையும் அழைத்துப் போங்கள்.